மாடிப்படிக்குக் கீழே அப்பா

செண்பகவல்லியின் அப்பா மாடிப்படிக்குக் கீழே முப்பத்தெட்டு டிகிரி சூட்டில் ஓடிக்கொண்டிருந்தார். அவருக்குத் தெரிந்தவரை, அங்கே மைனஸ் நாற்பது.

பெட்டி ஒரு சின்ன ஃபிரிட்ஜ் உயரம். பின்பக்கத்திலிருந்து சதா அனல் காற்று வரும். மழை நாட்களில் அம்மா கோமதி அதன் பின்னால் கொடி கட்டித் துணி காயப்போடுவாள். 'இன்றைக்குக் காற்று ஜாஸ்தி, மீசையில் ஐஸ் பிடித்துவிட்டது' என்று அப்பா எழுதிய தினத்தில்கூட, அவருக்கு ஓரடி பின்னால் அம்மாவின் இரண்டு பாவாடைகள் மொடமொடவென்று காய்ந்துகொண்டிருந்தன.

கல்யாணத்துக்கு இன்னும் பன்னிரண்டு நாள். அன்று சனிக்கிழமை. காலை ஏழு மணிக்குப் பொது ஃபோல்டரில் புதிதாக ஒரு கடிதம் இருந்தது.

'வல்லிக்கு. லீவு கேட்டு மூன்றாவது முறையாக எழுதிப் போட்டிருக்கிறேன். நவம்பரில்தான் கப்பல் என்கிறார்கள். பக்கத்து நிலையத்துக்கு மாதம் ஒரு விமானம் வருகிறதாம், அதில் தொற்றிக்கொண்டாவது வருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன். முடியாது என்றால் வேலையே வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிடுவேன். பெற்ற பிள்ளையின் கல்யாணத்துக்கு இல்லாமல் எனக்கு என்ன ஜெனரேட்டர் வேண்டியிருக்கிறது?'

"என்னட்டி எழுதிருக்காக?" என்று சமையலறையிலிருந்து அம்மா கேட்டாள்.

"லீவு கேட்டிருக்காங்களாம்."

"நீ பொறந்தப்பவே லீவு கேக்காத மனுசன். இப்ப வந்துட்டாக."

சொல்லிவிட்டு அம்மா ஈரக்கையோடு வந்து பெட்டியின் மேல் ஒரு நிமிடம் கையை வைத்துக்கொண்டு நின்றாள். சூடு பொறுக்காமல் எடுத்துக்கொண்டாள்.

ஒன்பது மணிக்குச் சென்னையிலிருந்து பார்கவி கூப்பிட்டாள். கம்பெனியில் இவர்கள் குடும்பத்தைக் கவனித்துக்கொள்பவள்.

"செண்பகவல்லி, லெட்டர் பார்த்தீங்களா? கல்யாணத்தைப் பத்தி இவ்வளவு எழுத வேண்டாம்னு அப்பவே சொன்னேன். அவர் விமானம்ங்கிறார். அந்த நிலையத்தைச் சுத்தி மூணு கிலோமீட்டர் பனிதான் நாங்க செஞ்சு வெச்சிருக்கோம். அதுக்கு அப்புறம் ஒண்ணுமே கிடையாது."

"லீவு இல்லன்னு சொல்லிருங்க மேடம்."

"சொல்லிட்டோம். பயம் அது இல்ல. வேலையை விடறேன்னு ஒரு கெஸ்ட் எழுதிக் கொடுத்துட்டா முப்பது நாள்ல மெஷினை நிறுத்தணும். சட்டம். அவருக்குத் தெரிஞ்சு கேட்டாலும் சரி, தெரியாம கேட்டாலும் சரி."

கெஸ்ட் என்றால் அப்பா. ஹோஸ்ட் என்றால் இந்தப் பெட்டி.

அப்பா பூவலிங்கம் கோவில்பட்டியில் முப்பது வருடம் ஜெனரேட்டர் மெக்கானிக். தென்துருவத்தில் ஐஸைத் துளை போடும் நிலையமொன்றுக்கு ஆள் எடுத்தார்கள். ஆறு வருட ஒப்பந்தம். கப்பல் ஏறுவதற்கு முன்னும், நிலையத்தில் மாதா மாதமும் எல்லோருடைய மூளையையும் படி எடுத்துவைத்தார்கள். காப்பீட்டு நடைமுறை என்றார்கள். யாரும் பெரிதாகக் கேட்டுக்கொள்ளவில்லை. ஒன்பதாம் மாதம், ஜெனரேட்டர் அறையிலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. உடல் வந்துசேரப் பதினேழு நாள். தகனம் செய்து, அதிலிருந்து எண்ணிப் பதினாறாம் நாள் காரியம் முடிந்து மாமா வீட்டுக்காரர்கள் கிளம்பிய மறுநாள்தான் கம்பெனியிலிருந்து ஆள் வந்தது. ஒப்பந்தக் காலம் முழுக்க அவரை ஓட்டித்தர முடியும் என்றார்கள். தான் இறந்தது அவருக்கு மட்டும் தெரியக்கூடாது.

அன்றைக்குப் பார்கவி விளக்கியது வல்லிக்கு அப்படியே நினைவிருந்தது.

"ஒரு வீட்டுக்குள்ள இன்னொரு வீடு கட்டறோம்னு வெச்சுக்குங்க. உள்வீட்டுக்கு ஜன்னல் கிடையாது. உள்ள இருக்கறவருக்கு வெளிவீடு இருக்கறதே தெரியாது. நடுச்சுவர்ல ஒரே ஒரு அலமாரி. ரெண்டு பக்கமும் கதவு. நீங்க வெக்கறதை அவர் எடுத்துப் பார்ப்பார், அவர் வெக்கறதை நீங்க எடுத்துப் பார்ப்பீங்க. அதுதான் பொது ஃபோல்டர்."

"அந்த அலமாரி வழியா கைய நீட்ட முடியுமாம்மா?" என்று அம்மா கேட்டாள்.

"முடியாதும்மா. சாமான் மட்டும்தான்."

அம்மா கையெழுத்துப் போட்டாள்.

அப்பாவுக்குச் சந்தேகம் வரவில்லை. நிஜ நிலையத்திலும் பேசுகிற வசதி கிடையாது, ஃபோல்டர் மட்டும்தான். கூட இருக்கும் பதிமூன்று பேருக்கும் புளிக்குழம்பு வைக்கக் கற்றுக்கொடுத்திருப்பதாக எழுதினார். பதிமூன்று பேரும் புரோகிராம். உறைப்பு அதிகம் என்று குறை சொல்லவும் அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

இரண்டரை வருடம் இப்படியே ஓடியது. பிப்ரவரியில், வல்லி ரெங்கராஜைப் பற்றி எழுதினாள். மின்வாரியத்தில் உதவிப் பொறியாளர். வேறு சாதி ஆட்கள். அலமாரியின் அந்தப் பக்கக் கதவு முப்பத்தொரு நாள் திறக்கவில்லை. பழைய கடிதங்களைக்கூட அப்பா எடுத்துப் பார்க்கவில்லை. முப்பத்திரண்டாம் நாள் ஒரு கேள்வி வந்தது: 'போட்டோவில் சட்டைப்பையில் டெஸ்டர் வைத்திருக்கிறானே, நிஜமாகவே கரண்ட் வேலை தெரியுமா, இல்லை வெறும் நாற்காலி உத்தியோகமா?' அதற்குப்பின் தினம் ஒரு கேள்வி. நாற்பது கேள்விகள். எர்த் ஒயர் எதற்கு என்பதில் தொடங்கி, என் மகள் கோபித்துக்கொண்டு பேசாமல் இருந்தால் என்ன செய்வாய் என்பதில் முடிந்தது. எல்லாவற்றுக்கும் ரெங்கராஜ் உட்கார்ந்து பதில் எழுதினான். ஜூன் மாதம் ஒருநாள் காலையில் ஒரே ஒரு சொல்லோடு ஒரு கோப்பு கிடந்தது.

'சரி.'

அந்த ஒரு சொல்லை வல்லி எத்தனை தடவை திறந்து பார்த்திருப்பாள் என்று கம்பெனியின் பதிவேட்டுக்குத்தான் தெரியும்.

கல்யாணப் பத்திரிகையில் அப்பா பெயரை எப்படிப் போடுவது என்பதில்தான் வீட்டில் சண்டை. 'திரு. சு. பூவலிங்கம்' என்று மட்டும் போட வேண்டும் என்றாள் வல்லி. ஊர் சிரிக்கும் என்றாள் அம்மா.

"சிரிக்கட்டும். அப்பா பார்க்கணும்மா. முதல் பத்திரிகை அப்பாவுக்குத்தான்."

அதனால் அச்சகத்துக்கு அப்படியே எழுதிக் கொடுத்தாள்.

பன்னிரண்டு மணி ஆகப்போகும்போது அச்சகத்துச் சிதம்பரநாதன் அண்ணாச்சி கூப்பிட்டார்.

"தாயி, ப்ரூஃப் போட்டுட்டேன், பாத்துக்கிடு. பெரிய தப்பு ஒண்ணு விட்டுருந்தியேம்மா. நல்லவேளை என் கண்ணுல பட்டுது. நானே சரி பண்ணிட்டேன்."

"என்ன தப்பு அண்ணாச்சி?"

"உங்கப்பா பேருக்கு முன்னால வெறும் 'திரு'ன்னு எழுதிருந்தே. அவருக்குப் பதினாறாம் நாள் கார்டு அடிச்சதே நான்தானே. உயிரோட இருக்கவுக மாதிரி போட்டா செத்தவருக்கு மரியாதையா? 'தெய்வத்திரு'ன்னு பெருசா, நல்ல எழுத்தாப் போட்டுருக்கேன்."

"எங்க போட்டீங்க அண்ணாச்சி?"

"நீ குடுத்த லிங்குலதான். 'கல்யாணம்'னு இருந்துச்சே, அந்த ஃபோல்டர்ல."

ஒரு மாதத்துக்கு முன் அந்த லிங்கைக் கொடுத்தபோது 'கல்யாணம்' அவளுடைய சொந்த ஃபோல்டராக இருந்தது. போன வாரம்தான், சேலைப் படங்களையும் மண்டபத்தையும் சமையல் பட்டியலையும் அப்பா பார்க்கட்டும் என்று அதை அப்படியே தூக்கிப் பொது ஃபோல்டருக்குள் வைத்தாள். அண்ணாச்சியின் லிங்க்கும் கூடவே போய்விட்டது. அவர் தன் அச்சகத்திலிருந்து நேரே அலமாரிக்குள் கையைவிட்டு வைத்திருக்கிறார்.

ஓடிப்போய்த் திறந்தாள். ரோஜா நிறப் பின்னணியில், தங்க எழுத்தில், இரண்டு குத்துவிளக்குகளுக்கு நடுவே 'தெய்வத்திரு. சு. பூவலிங்கம் - கோமதி இவர்களின் புதல்வி'. ஓரத்தில் சின்னதாக ஒரு குறிப்பு: உள்ளே திறக்கப்பட்டது, 11.42.

அழிக்கப் போனாள். அதற்குள் பார்கவியின் அழைப்பு.

"எதையும் அழிக்காதீங்க! நீங்க அழிச்சா அங்கயும் மறையும். கையிலேருந்து யாரோ பிடுங்கின மாதிரி ஆயிடும். ஆமா, எப்படிப் போச்சு? எங்க ஃபில்டர் 'மறைவு', 'அமரர்' எல்லாத்தையும் பிடிக்குமே!"

"எழுத்தை எல்லாம் படமா மாத்திப் போட்டிருக்காரு மேடம்."

பார்கவி யாரிடமோ கேட்டாள். பின்னால் யாரோ ஏதோ சொல்வது கேட்டது.

"இன்னும் திறந்துதான் வெச்சிருக்கார். மூடல," என்றாள். "செண்பகவல்லி, நிதானமாக் கேளுங்க. கெஸ்டுக்குத் தெரிஞ்சுபோச்சுன்னா வருஷத்துக்கு ஒரு தடவை எடுத்து வெக்கற ஸ்னாப்ஷாட்டுக்கு, அந்தப் பழைய நகலுக்குத் திருப்பிடணும். ஆறு மணிக்குள்ள. உங்களோட ஒப்புதல் வேணும்."

"திருப்பினா?"

"ஜனவரி அஞ்சாம் தேதி அவர் எப்படி இருந்தாரோ அப்படி எழுந்திருப்பார். இந்தப் பத்திரிகை நினைவிருக்காது."

"அதுக்கு அப்புறம் நடந்ததும் நினைவிருக்காது."

"இருக்காது."

அந்த முப்பத்தொரு நாள். நாற்பது கேள்விகள். 'சரி.'

"திருப்பாம விட்டா?"

"இதுவரைக்கும் பதினாலு பேருக்குத் தெரிஞ்சுபோயிருக்கு. பதிமூணு பேர் ஒரு வாரத்துக்குள்ள நிறுத்தச் சொல்லி எழுதிக் குடுத்துட்டாங்க."

"இன்னொருத்தர்?"

"அவர் ஓடிட்டுத்தான் இருக்கார். ஃபோல்டரை மட்டும் திறக்கறதில்ல. மூணு வருஷமா அவர் மனைவி தினம் எழுதி வெக்கறாங்க." பார்கவியின் குரல் இறங்கியது. "அவர் கவனிக்கலன்னு ஏதாவது ஆதாரம் கிடைச்சா விட்டுடலாம். ஆறு மணி வரைக்கும் பார்ப்போம்."

அம்மா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு படியில் உட்கார்ந்திருந்தாள்.

"திருப்பச் சொல்லுட்டி," என்றாள்.

"அம்மா! ஜனவரிக்குப் போனா அப்பாவுக்கு ரெங்கான்னு ஒரு ஆளையே தெரியாது. மறுபடி முதல்லேருந்து சொல்லணும். மறுபடி முப்பத்தொரு நாள் மூஞ்சியத் திருப்பிக்கிட்டு இருப்பாங்க. கல்யாணம் பன்னெண்டு நாள்ல."

"சொல்லாமலே கட்டிக்க."

"அதுக்கா இவ்வளவு நாள் காத்திருந்தேன்? அப்பா சரின்னு சொன்னாங்கம்மா. அது நடந்துச்சு. நடந்ததை நான் எப்படி இல்லன்னு கையெழுத்துப் போட?"

"உனக்கு மட்டுமா நடந்துச்சு?" அம்மா எழுந்துகொண்டாள். "பங்குனியில எனக்குத் தனியா ஒண்ணு எழுதிருந்தாக. உனக்குக் காட்டல. இருவத்தாறு வருசத்துல ஒரு தடவை வாயால சொல்லாததை எழுதிருந்தாக. அதுவும்தான் போகும். போகட்டும். அவுக போயிரக் கூடாது. எனக்கு அவ்வளவுதான்."

வல்லி போய் ஃபோல்டரைத் திறந்து பார்த்தாள். அலமாரி காலி. ஒரு மணி, இரண்டு மணி. பத்திரிகை மட்டும் அந்தப் பக்கம் திறந்தே கிடந்தது.

மூன்று மணிக்கு ரெங்கராஜ் வந்தான். தெருமுனையில் டிரான்ஸ்ஃபார்மர் வேலை; பெட்டிக்கு ஒரு நொடிகூடக் கரண்ட் போகாதபடி மாற்றுக் கம்பி கொடுத்துவிட்டு வியர்வையோடு நின்றான். விஷயத்தைக் கேட்டதும் பெட்டியின் எதிரில் தரையில் உட்கார்ந்தான்.

"வாங்க மாப்ளை, காப்பி போடட்டுமா?" என்றாள் அம்மா, அழுத முகத்தைத் திருப்பிக்கொண்டு.

"வேணாம் அத்தை." வல்லியைப் பார்த்தான். "திருப்பினாலும் பரவால்ல வல்லி. நாப்பது கேள்விக்கும் விடை எனக்கு இப்ப மனப்பாடம். ஒரே நாள்ல எழுதிக் குடுத்துருவேன்."

"கோபிச்சுக்கிட்டுப் பேசாம இருந்தா என்ன செய்வேன்னு கேட்டாங்களே, அதுக்கு என்ன எழுதினே?"

"பக்கத்துல உக்காந்திருப்பேன்னு எழுதினேன்."

அவள் சிரித்தாள். சிரிப்பு பாதியில் வேறாக மாறியது. அவன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தான். நாலு மணி ஆயிற்று. ஐந்தும் ஆயிற்று. பெட்டியின் அனல் மூன்று பேர் மேலும் அடித்துக்கொண்டிருந்தது. யாரும் விசிறியைப் போடவில்லை.

ஐந்து இருபதுக்குப் பத்திரிகை அந்தப் பக்கம் மூடப்பட்டது. அடுத்த நொடி அதன் கீழே இன்னொரு கோப்பு முளைத்தது. 'பத்திரிகை, திருத்தியது.'

வல்லி திறந்தாள்.

சிவப்பில் பதினொரு திருத்தங்கள். மாப்பிள்ளையின் இனிஷியல் விட்டுப்போயிருந்தது, போட்டிருந்தார். மண்டபம் கிழக்கு வாசல். தெற்கு வாசல் என்று இருந்ததை அடித்திருந்தார். முகூர்த்த நேரத்தில் 'மணிக்குள்' விட்டுப்போனதைச் சேர்த்திருந்தார். 'நல்வரவை நாடும்' என்பதன் கீழே, பத்து வருடமாகப் பேச்சுவார்த்தை இல்லாத தன் தங்கை முத்துக்கனியின் பெயரை எழுதி, பக்கத்தில் 'முதல் பெயராக' என்று அம்புக்குறி போட்டிருந்தார். குத்துவிளக்கில் திரி ஒரு பக்கம் சாய்ந்திருப்பதைக்கூட வட்டம் போட்டுக் காட்டியிருந்தார்.

அப்பாவின் பெயர் இருந்த வரியிலும் ஒரு சிவப்பு அடையாளம் இருந்தது. 'சு.'வுக்கும் 'பூவலிங்கம்' என்பதற்கும் நடுவே இடைவெளி அதிகம், நெருக்கிப் போடவும் என்று.

அதற்கு முன்னால் இருந்த சொல்லை அவர் தொடவில்லை.

அம்மா அந்த வரியை விரலால் தொட்டுத் தொட்டுப் படித்தாள்.

"பாத்துட்டாக," என்றாள். "பாத்துட்டு, சரியாத்தான் இருக்குன்னு விட்டுட்டாக."

ஆறு மணிக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது பார்கவி கூப்பிட்டாள். வல்லி ஸ்பீக்கரில் போட்டாள்.

"திருத்தின ஃபைலைப் பார்த்தேன். கேள்வி எதுவும் கேட்கல. அழுத மாதிரியோ பதற்றப்பட்ட மாதிரியோ பதிவுகள்ல இல்ல. அஞ்சரை மணி நேரம் சும்மா உக்காந்திருந்திருக்கார், அவ்வளவுதான். இந்த அழைப்பு பதிவாகுது செண்பகவல்லி. குடும்பத்தோட கருத்து வேணும். அவர் அந்தச் சொல்லைக் கவனிச்சாரா?"

வல்லி அம்மாவைப் பார்த்தாள். அம்மா சேலைத் தலைப்பை வாயில் அழுத்திக்கொண்டு, பெட்டியைப் பார்த்தாள். பிறகு மெதுவாக, இல்லை என்று தலையை ஆட்டினாள்.

"கவனிக்கல மேடம்."

"திரி சாய்ஞ்சிருக்கறதைக் கவனிச்சவர், இதைக் கவனிக்கலயா?"

"அப்பாவுக்கு வெள்ளெழுத்து. கண்ணாடி மாத்தணும்னு ரொம்ப நாளாச் சொல்லிட்டிருந்தாங்க. தங்க எழுத்து, ரோஸ் கலர். சரியாத் தெரிஞ்சிருக்காது."

கெஸ்டுக்கு வெள்ளெழுத்து வராது என்பது பார்கவிக்குத் தெரியும். அவள் கம்பெனி செய்த கண்கள்தான் அவை.

"வெள்ளெழுத்து," என்றாள் கடைசியில். "சரி. அப்படியே எழுதிக்கறேன். திருப்ப வேண்டியதில்ல." பதிவுக் கருவி அணைந்ததற்கான சின்ன ஒலி கேட்டது. அதற்குப் பிறகும் அவள் வைக்கவில்லை. "இன்னொண்ணு. லீவு விண்ணப்பத்தை அவரே வாபஸ் வாங்கிட்டார். கல்யாணம் நல்லபடியா நடக்கட்டும் வல்லி."

முதல் தடவையாக அவள் வல்லி என்று கூப்பிட்டாள்.

ஏழு மணிக்கு அப்பாவின் கடிதம் வந்தது.

'வல்லிக்கு. லீவு கிடைக்காது என்று புரிந்துவிட்டது. இனி கேட்கமாட்டேன். அதற்காக நீ மண்டபத்தில் நின்றுகொண்டு அழக்கூடாது. மாலை மாற்றும் படம், தாலி கட்டும் படம், பந்தியில் அம்மா யாரையாவது அதட்டும் படம், மூன்றும் எனக்கு வேண்டும். அத்தையை நேரில் போய் அழை. மாப்பிள்ளைக்கு என் ஆசீர்வாதம்.

வேலையை விட்டுவிடலாம் என்று இன்று பூராவும் உட்கார்ந்து யோசித்தேன். எழுதிக்கூட வைத்துவிட்டேன். ஆனால் இன்னும் கொடுக்கவில்லை. நீங்கள் இரண்டு பேரும் மறுவீட்டுக்கு வந்து நம் வீட்டில் சாப்பிட்ட படம் வருகிறவரை இருக்கிறேன். அதைப் பார்த்துவிட்டுக் கொடுத்துவிடுகிறேன். மறுவீடு என்றைக்கு என்று எழுது.'

வல்லி அதை உரக்கப் படித்தாள். கடைசி வரிக்கு வந்தபோது நிறுத்தினாள். ரெங்கராஜ் வாங்கிப் படித்து முடித்தான்.

மறுவீடு, கல்யாணம் முடிந்து மூன்றாம் நாள். ஜோசியர் குறித்துக்கொடுத்து, சமையலுக்குச் சொல்லி, முத்துக்கனி அத்தை ஒருத்தியைத் தவிர ஊருக்கெல்லாம் தெரிந்த தேதி.

வல்லி பதில் எழுத உட்கார்ந்தாள். 'அன்புள்ள அப்பாவுக்கு' என்று தட்டிவிட்டு நின்றாள். எழுதவேண்டியது ஆயிரம் இருந்தது. ஃபில்டர் விடாது. விட்டாலும், எழுதினால், தெரியாததுபோல் அப்பா கட்டிக்காத்துக் கொடுத்தது உடைந்துவிடும்.

அம்மா பின்னால் வந்து நின்றாள்.

"நாள் குறிக்கலன்னு எழுது."

"அம்மா?"

"மறுவீட்டுக்கு நாளே அமையலன்னு எழுதுட்டி. ஜோசியரு இந்த வருசம் பூரா நல்ல நாளே இல்லன்னுட்டாருன்னு எழுது. அடுத்த வருசம் பாப்போம், அவசரம் ஒண்ணும் இல்ல, நீங்க உங்க வேலையப் பாருங்கன்னு நான் சொன்னேன்னு எழுது."

வல்லி அப்படியே எழுதினாள். ஒரு எழுத்தைக்கூட மாற்றவில்லை. அலமாரியில் வைத்தாள்.

வைத்த மறு நிமிடமே அந்தப் பக்கம் அது திறக்கப்பட்டது.